மகளின் கூந்தலும் மண்ணின் வரலாறும்

பதினான்கு வயதுப் பெண்பிள்ளையொருத்தியின் தலைமுடி உதிர்கின்றது என்பது வரலாறு எழுதுதற்குரிய பொருளா என வினவுவோர் இருக்கக்கூடும். அரசுகளின் எழுச்சி வீழ்ச்சிகளையும், போர்களையும், உடன்படிக்கைகளையுமே வரலாறு என்று படித்துப் பழகிய நமக்கு அவ்வினா இயல்பானதே. ஆயின், மக்களது வரலாறு அவர்கள் உண்ட உணவிலும், உற்ற நோயிலும், அஞ்சிய அச்சத்திலும் பதிந்து கிடக்கின்றது என்பதை ஒப்புக்கொள்வோமாயின், அது பதிந்து கிடக்கும் இடங்களுள் தலைமுடியும் ஒன்று என்பதை மறுத்தல் இயலாது.

முடி மாதமொன்றுக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் வளர்கின்றது. ஆகவே 36 சென்ரிமீற்றர் நீளமுள்ள பின்னலொன்று மூன்று ஆண்டுக் காலத்தைத் தன்னகத்தே கொண்டதாகும். ஒன்பதாம் வகுப்பிற் படிக்கும் பிள்ளையின் பின்னலது நுனி, அவள் ஆறாம் வகுப்பிலே காலடி வைத்த நாளில் முளைத்தது. அதன் அடி நேற்று முளைத்தது. இடைப்பட்ட காலத்திலே அவ்வீட்டின் சட்டியில் என்ன வெந்தது, அப்பிள்ளைக்கு என்ன நோய் வந்தது, அவள் மனம் என்ன பட்டது என்பவற்றையெல்லாம் அம்முடி அறியும்.

வன்னிப் பெருநிலத்துப் பாடசாலைகளிற் கற்பிக்கும் நாம் இதனை அன்றாடம் காண்கிறோம். முடி மெலியத் தொடங்கிய பிள்ளை முதலில் முன் வாங்கிலிருந்து பின் வாங்குக்குச் செல்கிறாள். பின்னர் இல்ல விளையாட்டுப் போட்டியிலிருந்து விலகுகிறாள். மேடையேறிப் பேச அழைத்தால் தலையைக் குனிகிறாள். ஈற்றில், வாரத்தில் இரண்டொரு நாள் பாடசாலைக்கே வராதொழிகிறாள். வீட்டிலோ தாய் எண்ணெயை மாற்றிப் பார்க்கிறாள். அம்மம்மா நாவூறு கழிக்கிறார். வந்துபோகும் உறவினர், 'பிள்ளையின்ரை தலை ஏன் இப்பிடிப் போச்சு?' என்று பிள்ளையின் முன்னிலையிலேயே கேட்டுவிட்டுத் தேநீர் அருந்துகின்றனர். குற்றம் ஒன்றில் பிள்ளையின் கவனக்குறைவின்மேற் சுமத்தப்படுகின்றது, அன்றேல் தலைவிதியின்மேல். இவ்விரண்டும் பிழை என்பதையும், இதற்கொரு வரலாறு உண்டு என்பதையும், அவ்வரலாற்றை அறிந்த பெற்றோரே மகளுக்கு உண்மையில் துணைநிற்க முடியும் என்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏட்டிற் கண்ட கூந்தல்

பெண்ணின் முடிக்கு நம் மொழி வழங்கிய பெயர்கள் பல: கூந்தல், குழல், ஓதி, கதுப்பு, அளகம், ஐம்பால். ஐவகையாக முடிக்கப்படுவது என்பதனால் ஐம்பால் ஆயிற்று என உரையாசிரியர் கூறுவர். குறுந்தொகையின் இரண்டாம் பாடல் தலைவியின் கூந்தல் மணத்தையே பொருளாகக் கொண்டது. அப்பாடலை மையமாக வைத்து, பெண்ணின் கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டோ இல்லையோ என்று இறைவனும் நக்கீரரும் வாதிட்டதாகப் பிற்காலத்தார் கதை கட்டினர். அவையிலே புலவரும் தெய்வமும் வாதிட்ட அக்கதையில், கூந்தலுக்கு உரியவளான பெண்ணின் குரல் கேட்கப்படவில்லை என்பதை நாம் கவனித்தல் வேண்டும்.

அழகின் அடையாளமாகிய அதே கூந்தல், உடைமையின் அடையாளமாகவும் இருந்தது. கணவனை இழந்த பெண் கூந்தலைக் களையும் வழக்கத்தைப் புறநானூற்றுப் பாடல்கள் சில காட்டுகின்றன. கணவன் உள்ளவரை பூச்சூடும் தலை, அவன் மாண்டபின் மழிக்கப்படும் தலையாயிற்று. முடி பெண்ணின் தலையில் வளர்ந்தபோதிலும் அதன் உரிமை அவளிடத்தில் இருக்கவில்லை என்பதையே இவ்வழக்கம் உணர்த்துகின்றது. காப்பியங்களிலும் கூந்தல் மானத்தின் கொடியாகவே நிற்கின்றது. பாண்டியன் அவையிலே கண்ணகி விரித்த கூந்தலோடு நின்றாள். துரியோதனன் அவையிலே கூந்தல் பற்றி இழுக்கப்பட்ட பாஞ்சாலி, பழிதீரும்வரை அதனை முடியேன் எனச் சூளுரைத்தாள். அக்கதையையே பாரதியார் தம் காலத்து அடிமை நாட்டின் கதையாக்கி 1912இல் பாஞ்சாலி சபதத்தின் முதற் பாகத்தை வெளியிட்டார்.

இவற்றைக் குறைகூறுதல் நமது கருத்தன்று. ஆனால் ஒன்று தெளிவாகின்றது. நிறைந்த கூந்தலே நிறைந்த பெண்மை என்னும் எண்ணம் ஈராயிரம் ஆண்டுகளாக நம் மொழியிலே ஊறியிருக்கின்றது. சீப்பிலே சிக்கிய முடியைக் கண்டு பதினான்கு வயதுப் பிள்ளை அழுகிறாள் என்றால், அவள் அழுவது அந்தச் சில மயிர்களுக்காக மட்டுமன்று. அவற்றின்மேல் சமுதாயம் ஏற்றிவைத்த சுமைக்காகவுமே ஆகும். 'இதற்குப்போய் அழுவதா?' என்று கேட்கும் தந்தையர் இதனை முதலில் உணர்தல் வேண்டும்.

வற்றாப்பளையின் கதை

ஏட்டிலக்கியத்தின் கண்ணகி ஒருத்தி. நம் மக்களின் கண்ணகி மற்றொருத்தி. முல்லைத்தீவிலே நந்திக்கடலோரத்தில் அமைந்த வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் தலவரலாறு நம்மவர்க்குப் புதியதன்று. வைகாசி விசாகப் பொங்கலுக்குச் செல்வோர் அதனைத் தம் பிள்ளைகளுக்குச் சொல்லியே அழைத்துச் செல்வர். மதுரையை எரித்த கண்ணகி முதிய பெண்ணொருத்தியின் வடிவில் இக்கரைக்கு வந்தாளாம். மாடு மேய்த்த சிறுவர் அவளுக்கு வேப்பங்குழையாற் பந்தலிட்டுப் பொங்கிக் கொடுத்தனராம். பொழுதுபட்டு விளக்கேற்ற எண்ணெய் இல்லாதபோது, கடல்நீரை வார்த்து ஏற்றச் சொன்னாளாம்; விளக்கும் எரிந்ததாம். பின்னர், தன் தலை கடிக்கின்றது, பேன் பாருங்கள் என்றாளாம். சிறுவர் முடியை வகிர்ந்து பார்த்தபோது அத்தலையிலே ஆயிரம் கண்கள் தெரிந்தனவாம்.

இக்கதையின் பக்திப் பொருளை அடியார் அறிவர். சமுதாயப் பொருளை நாம் நோக்குவோம். மன்னன் அவையிலே விரிந்து கிடந்த கூந்தல், வன்னியின் மாட்டிடையர் கைக்கு வந்தபோது கடிக்கின்ற, பேன் பார்க்கவேண்டிய, சாதாரண மனிதத் தலையாயிற்று. அச்சிறுவர் முதியவளின் தலையைக் கண்டு முகஞ்சுளிக்கவில்லை, கேலி பேசவில்லை, கைவைத்துப் பார்த்தனர். ஒருவர் தன் தலையை இன்னொருவர் கையில் ஒப்படைப்பது நம்பிக்கையின் செயல். உழைக்கும் மக்களின் கற்பனை கூந்தலைப் போற்றுவதற்கும் அஞ்சுவதற்கும் உரிய பொருளாக நிறுத்திவிடாது, பார்த்துப் பேணவேண்டிய உடலாகக் கண்டது. மகளின் மெலிந்த தலையைப் பார்க்கும் முறையை நாம் அவையிற் கூடிய புலவரிடமிருந்து கற்பதா, அச்சிறுவரிடமிருந்து கற்பதா?

மழிக்க மறுத்த தந்தை

மரபு ஒருபுறமும் மகள் ஒருபுறமும் நின்றவேளையிலே மகளின் பக்கம் நின்ற பெற்றோரும் வரலாற்றில் உண்டு. சென்னை மயிலாப்பூரில் 1886ஆம் ஆண்டு பிறந்த சுப்புலட்சுமி பதினொரு வயதளவில் மணமுடிக்கப்பட்டு, மிக விரைவிலேயே கணவனை இழந்தார். அக்காலப் பிராமணக் குலவழக்கப்படி, பருவமெய்தியதும் அப்பிள்ளையின் தலை மழிக்கப்பட்டிருத்தல் வேண்டும். பெற்றோர் அதற்கு இசையவில்லை. தந்தை சுப்பிரமணிய ஐயர் மகளைப் படிக்கவைத்தார். ஊராரின் பழிச்சொல்லை அக்குடும்பம் தாங்கிக்கொண்டது. 1911ஆம் ஆண்டு சென்னை மாநிலக் கல்லூரியிலிருந்து பட்டம்பெற்று வெளிவந்த அப்பெண்ணே, அடுத்த ஆண்டு இளம் விதவையருக்கு இல்லம் தொடங்கி, அவர்களை ஆசிரியைகளாக்கி, 'சகோதரி சுப்புலட்சுமி' எனப் போற்றப்பட்டவர்.

மழிக்கப்படவிருந்த தலைக்கும் தானே மெலிந்த தலைக்கும் வேறுபாடு பெரிது. ஆயினும் அத்தந்தை செய்ததன் சாரம் நமக்கும் உரியதே. மகளின் தலை எவ்வாறு இருத்தல் வேண்டுமென ஊர் விதித்ததோ, அவ்விதிக்கும் மகளுக்கும் இடையே அவர் நின்றார். அவ்வாறு நின்றதோடு அமையாது, அவளது கவனம் செல்லுதற்கு வேறொரு பெரிய உலகத்தையும் திறந்துவிட்டார். பின்னாளிலே பெரியார் பெண்கள் முடியைக் குறைத்துக்கொள்ளலாம், அதனால் மானம் ஒன்றும் குறைந்துவிடாது என்று மேடைதோறும் முழங்கியபோது, தமிழ்நாட்டின் வேறொரு கோணத்திலிருந்து அதே விதியே அசைக்கப்பட்டது. மழித்தாக வேண்டும் என்பதும் வளர்த்தாக வேண்டும் என்பதும் ஒரே கட்டளையின் இரு முகங்களே.

காய்ச்சலும் முடியும்

இனி மண்ணின் பக்கம் வருவோம். மனிதத் தலையிலே ஏறத்தாழ ஓரிலட்சம் முடிகள் உள்ளன. ஒவ்வொன்றும் சில ஆண்டுகள் வளர்ந்து, மூன்று மாதமளவில் ஓய்ந்திருந்து, பின் உதிர, அவ்விடத்திலே புதியது முளைக்கின்றது. நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயற்கை. கடுங்காய்ச்சல், பட்டினி, திடீர் மெலிவு, பேரதிர்ச்சி போன்றவை உடலைத் தாக்கும்போது, வளர்ந்துகொண்டிருந்த முடிகளுட் பெருந்தொகையானவை ஒருங்கே ஓய்வுநிலைக்குச் செல்கின்றன. இரண்டு மூன்று மாதங்களின் பின்னர் அவை ஒருங்கே உதிர்கின்றன. காரணம் இன்று நிகழ, விளைவு மூன்று மாதத்தின் பின் தோன்றுவதனாலேயே மக்கள் உண்மைக் காரணத்தைக் காணாது, நேற்று மாற்றிய சவர்க்காரத்தையும் அயலவளின் கண்ணூறையும் பழிக்கின்றனர். உதிர்வைக் கண்ட தாய் நேற்றைய நாளைத் தேடாது, மூன்று மாதத்துக்கு முந்தைய நாளைத் தேடவேண்டும். அப்போது பிள்ளைக்கு டெங்குக் காய்ச்சல் வந்ததா? வீட்டிலே சாவு நிகழ்ந்ததா? பரீட்சைக்கெனப் பட்டினி கிடந்தாளா? இவ்வகை உதிர்வு பெரும்பாலும் சில மாதங்களில் தானே தணிந்து, முடி மீண்டும் முளைத்துவிடும் என்பது பெற்றோர் அறியவேண்டிய நற்செய்தி.

இவ்வறிவோடு வன்னியின் வரலாற்றை நோக்கினால் பல உண்மைகள் புலனாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில அதிகாரிகள் வன்னியைக் காய்ச்சலும் பறங்கி நோயும் மலிந்த நிலமாகவே கண்டனர். ஜே. பி. லூயிஸ் 1895ஆம் ஆண்டு வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல் அக்காலத்தின் முக்கிய சான்றாகும். உடைந்த குளங்களும் காடும் நுளம்பும் சூழ்ந்த அந்நிலத்திலே மலேரியா தலைமுறை தலைமுறையாக மக்களின் குருதியை வற்றச்செய்தது. போர் நிலவிய 1990களிலும் வன்னியில் மலேரியா பரவலாக இருந்தது. 2016ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்திலேயே இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. காய்ச்சலும் குருதிச்சோகையும் கூடி வாழ்ந்த ஒரு நிலத்திலே எத்தனை பெண்பிள்ளைகளின் முடி உதிர்ந்திருக்கும், எத்தனை பேர் அதனைத் தம் குற்றமென எண்ணி நாணியிருப்பர் என்பதை எந்த அறிக்கையும் எழுதவில்லை. ஆனால் அக்கணக்கு இல்லாமையாலே அத்துயர் இல்லாதிருந்ததாகிவிடாது.

அடையாளமாகிய முடி

போர்க்காலம் வன்னியின் கூந்தல் வரலாற்றிலே வேறோர் அதிகாரத்தை எழுதிற்று. 1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபின் வடக்கின்மீது பொருளாதாரத் தடை இறுகியது. சவர்க்காரம் அரும்பொருளாயிற்று, மண்ணெண்ணெய் அளந்து வாங்கும் பொருளாயிற்று. பனம்பழச் சாற்றால் உடை துவைத்ததையும், சீயாக்காயும் தேசிக்காயும் அரைத்துத் தலை முழுகியதையும் நம் முன்னோர் இன்றும் சொல்வர். 1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியேறிய மக்களுட் பெருந்தொகையினர் வன்னிக்கு வந்தனர். மரநிழலிலும் பாடசாலைக் கொட்டகையிலும் வாழ்ந்த அம்மக்களுக்கு நீண்ட கூந்தல் பேணுதல் எத்துணை அரிதாயிருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

இதே காலத்திலே கூந்தல் வேறொரு பொருளையும் பெற்றது. 1985 முதல் ஆயுதப் பயிற்சி பெற்ற பெண்கள், இரட்டைப் பின்னலை மடித்துக் கட்டிய தோற்றத்திலும், பின்னாளிற் கட்டையாக வெட்டிய தோற்றத்திலும் நம் வீதிகளிற் காணப்பட்டனர். தாமாகச் சென்ற சிலருக்கு அவ்வாறு முடி குறைத்தது பழைய கட்டொன்றை அறுத்ததாகத் தோன்றியிருத்தல் கூடும். ஆனால் 2006ஆம் ஆண்டுக்குப் பின் கட்டாய ஆட்சேர்ப்பு மிகுந்தபோது, பிடித்துச் செல்லப்பட்ட பிள்ளைகளின் முடி வெட்டப்பட்டது. தப்பி வீடு திரும்பியவளை அவளது முடியே காட்டிக்கொடுத்தது. 2009ஆம் ஆண்டு நந்திக்கடலைக் கடந்து வந்தபோது, படையினரின் சோதனையிலும் அதே கட்டை முடி ஐயத்துக்குரிய அடையாளமாயிற்று. பிள்ளையின் விருப்பத்தைக் கேளாமல் வெட்டப்பட்ட முடியை இருதரப்பாரும் தத்தம் நோக்கிற் படித்தனர். உலகப் போரின் முடிவிலே, 1944–45 காலத்தில், பிரான்சு நாட்டிலே ஜேர்மானியரோடு உறவு கொண்டவர் எனக் குற்றஞ்சாட்டி ஏறத்தாழ 20,000 பெண்களின் தலையை மழித்து வீதியிலே நடத்தினர் என்பதையும் இவ்விடத்து நினைத்தல் பொருந்தும். போர்கள் எங்கு நிகழினும் பெண்ணின் தலை எழுதுபலகையாகிவிடுகின்றது.

போரின் பின் ஏறக்குறைய 2,80,000 மக்கள் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் இருந்தது செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில். நீருக்கு வரிசை, குளிப்புக்கு வரிசை, அம்மையும் மஞ்சட்காமாலையும் பரவிய கூடாரங்கள். இறுதி மாதங்களின் பட்டினியும் அதிர்ச்சியும் ஏற்கனவே தாக்கிய உடல்கள் அவை. அம்முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது.

இவ்வரலாற்றை இவ்வளவு விரித்துக் கூறுவதற்குக் காரணம் உண்டு. அன்று பதின்பருவத்திலும் இருபதுகளிலும் இருந்த பெண்களே இன்று நம் வகுப்பறைகளில் இருக்கும் பிள்ளைகளின் தாய்மார். மகளின் தலையிலே முடி மெலிவதைக் காணும் தாய் மகளை மட்டுமே காண்பதில்லை, தன்னையும் காண்கிறாள். 'முடியைக் கட்டையாக வெட்டினால் அடர்த்தியாகத் தெரியும், வெட்டட்டுமா அம்மா?' என்று மகள் கேட்க, தாய் ஏனென்று சொல்லாமலே 'வேண்டாம்' என்று சீறுவதுண்டு. கண்டிப்பான தாய் என்று பிள்ளை எண்ணுகிறாள். உண்மையில் அது பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் ஆறாத அச்சம். அவ்வச்சத்தைத் தாய் ஒருநாள் மகளிடம் எடுத்துரைப்பாளாயின், இருவரது பாரமும் குறையும். கட்டை முடி வெறும் கட்டை முடியாக மட்டுமே இருக்கும் ஒரு காலத்தில் தான் வாழ்வதைத் தாயும் உணர்வாள்.

சந்தையும் சட்டியும்

முடி மெலிவதற்கு இன்றுள்ள காரணங்களுள் முதன்மையானவற்றுள் ஒன்று இரும்புச்சத்துக் குறைவு. மாதவிடாய் தொடங்கிய பிள்ளைக்கு இரும்பின் தேவை மிகுதி. ஆனால் வறிய வீட்டிலே இறைச்சியும் மீனும் முட்டையும் முதலிற் செல்வது உழைக்கும் ஆண்களின் கோப்பைக்கே. 2016ஆம் ஆண்டின் அரச கணக்கெடுப்பின்படி நாடு முழுவதிலும் வறியோர் நூற்றுக்கு 4.1 ஆக இருக்க, கிளிநொச்சியில் 18.2 ஆகவும் முல்லைத்தீவில் 12.7 ஆகவும் இருந்தனர். 2022ஆம் ஆண்டு நாடு கடனடைக்க முடியாது முறிந்தபோது, அவ்வாண்டு செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் நூற்றுக்கு 94.9 ஆயிற்று. அந்நாளிலே சிறுமியராயிருந்தோர் இன்று பதின்பருவத்தினர். மெலிந்த பின்னலின் பின்னால் மெலிந்த சட்டி இருப்பதைக் காணாது, பிள்ளையைக் குறைகூறுவது எத்துணைக் கொடுமை!

சட்டி மெலிந்தாலும் சந்தை மெலிவதில்லை. 1970களின் பிற்பகுதியிலே தமிழ்நாட்டின் கடலூரிலே சின்னிகிருஷ்ணன் என்பார் ஷாம்பூவைச் சிறு பைகளில் அடைத்து விற்கும் வழியைக் காட்டினார். 1983இல் அவர் மகன் ரங்கநாதன் அவ்வழியிலே 'சிக்' ஷாம்பூவைத் தொடங்கினார். செல்வருக்கே உரியதாயிருந்த பொருள் ஏழை வீட்டுக்கும் வந்தது நன்றே. ஆனால் அதனோடு, நீண்ட கருங்கூந்தலின் படமும் வந்தது. அப்படத்தைப் போலில்லாத தலை குறையுடைய தலை என்னும் எண்ணமும் வந்தது. இன்று மூலிகை எண்ணெய் என்றும் முடி வளர்க்கும் மருந்து என்றும் ஆயிரக்கணக்கான ரூபாவுக்கு விற்கப்படுவனவற்றுட் பலவற்றுக்குச் சான்று யாதும் இல்லை. எண்ணெய் முடியை மிருதுவாக்கும், சிக்கு நீக்கும், குருதியில் இல்லாத இரும்பை அது கொடுக்கமாட்டாது. ஒரு போத்தல் எண்ணெயின் விலைக்கு எத்தனை முட்டை வரும் என்று கணக்கிடுதல் தாயின் கடன்.

ஏழையின் முடிக்கும் சந்தையில் விலையுண்டு. 2020ஆம் ஆண்டின் தொடக்கத்திலே, கணவனைக் கடனாற் பறிகொடுத்த சேலத்துத் தாயொருத்தி, பிள்ளைகளின் பசி தீர்க்கத் தன் கூந்தலை 150 ரூபாவுக்கு விற்ற செய்தி வெளிவந்தது. அத்தகைய கூந்தல்கள் பொய்முடியாகியும் சவரியாகியும் நாடு கடக்கின்றன. பொய்முடியின் அழகிலே ஒரு பெண்ணின் பசி பின்னப்பட்டிருக்கக்கூடும் என்பதை நம் பிள்ளைகள் அறியட்டும். சாமத்தியச் சடங்கிலே மகளின் மெலிந்த முடியை மறைக்க அளவுக்கு மீறிய சவரியைக் கட்டி, கடன்பட்டுப் படமெடுக்கும் பெற்றோர், தம்மையறியாமலே மகளிடம் ஒன்றைச் சொல்லிவிடுகின்றனர்: 'உன்னை உள்ளபடி காட்ட நாங்கள் வெட்கப்படுகிறோம்.'

பாடசாலையின் பங்கு

நம் கடமையை மறந்து பெற்றோருக்கு மட்டும் அறிவுரை கூறுதல் முறையன்று. காலைக் கூட்டத்திலே பிள்ளைகளின் பின்னலை ஆராய்பவர் ஆசிரியரே. இரட்டைப் பின்னல், இறுக்கம், ஒரு மயிரும் கலையாத நெற்றி என்பனவற்றை ஒழுக்கத்தின் அளவுகோலாக்கியிருக்கிறோம். 1907ஆம் ஆண்டிலேயே, முடியை உச்சியில் இறுக இழுத்துக் கட்டும் கிறீன்லாந்துப் பெண்களுக்கு நெற்றியோரத்து முடி அற்றுப்போவதை திரெபிற்ச் என்னும் மருத்துவர் எழுதினார். இழுவையால் வரும் முடியிழப்பு அன்றே அறியப்பட்டது. நெடுங்காலம் தொடர்ந்தால் மயிர்க்கால் தழும்பேறி, அவ்விடத்திலே முடி மீண்டும் முளையாது. தொடக்கத்திலேயே தளர்த்தினால் முளைக்கும். பனிநிலத்துப் பெண்ணுக்கு நேர்ந்ததே வெயில்நிலத்துப் பிள்ளைக்கும் நேரும். இழுவைக்குத் தேசம் இல்லை. சீருடையின் ஒழுங்கு குலையாமலே பின்னலைத் தளரப் பின்ன இடந்தரலாம். முடி மெலிந்த பிள்ளைக்கு ஒற்றைப் பின்னலுக்கோ குறுக்கிய முடிக்கோ தனியே கடிதம் கேளாது இணங்கலாம். இதற்குச் செலவு எதுவும் இல்லை. பட்டப்பெயர் சூட்டும் மாணவரைத் தடுத்தலும், பட்டப்பெயரைக் கேட்டுச் சிரிக்கும் ஆசிரியரைத் தடுத்தலும் நம் கையிலேயே உள்ளன.

செய்யவேண்டுவன

பெற்றோர் முதலில் மகளின் தலையை அவளது இசைவோடு, பகல் வெளிச்சத்திலே, கண்டிப்பின்றிப் பார்த்தல் வேண்டும். உதிர்வு தலை முழுவதிலுமா, வகிட்டிலா, நெற்றியோரத்திலா, வட்டமாக ஓரிடத்திலா என்பது காரணத்தைக் காட்டும். வட்டமாக உதிர்வது பெரும்பாலும் உடலின் காப்புச் சக்தியே மயிர்க்காலைத் தாக்குவதால் வருவது, அது தொற்றாது. செதிளும் சொறியும் கூடியிருந்தால் தொற்றுப் படர்தாமரையாக இருக்கலாம். அதற்கு உட்கொள்ளும் மருந்து வேண்டும். ஒழுங்கற்ற மாதவிடாயும் முகப்பருவும் முகத்தில் முடியும் சேர்ந்திருந்தால் சூலகத்தின் சுரப்புக் கோளாறாக இருக்கலாம். தைரொயிட் சுரப்பிக் குறையும் ஒரு காரணம். சில பிள்ளைகள் மனவேதனையால் தம்மை அறியாமலே முடியைப் பிடுங்குவர். அவர்களை அடித்தல் தீங்கு, அவர்களுக்கு மனநல ஆலோசனையே மருந்து. இவற்றைப் பிரித்தறிவது எண்ணெய்க் கடைக்காரரின் வேலையன்று, மருத்துவரின் வேலை. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் அரச மாவட்டப் பொது வைத்தியசாலைகள் உண்டு. இலவச மருத்துவம் இந்நாட்டு மக்கள் பெற்ற உரிமை. அதனைக் கேட்டுப் பெற நாணவேண்டியதில்லை. குருதியின் நிறமணி அளவையும் இரும்புச் சேமிப்பையும் சோதிக்குமாறு கேட்கலாம். குருதியழுத்தத்துக்கு உருவாக்கப்பட்டு, முடியை வளர்த்ததால் 1988இல் அமெரிக்காவிலே தலைக்குப் பூசும் மருந்தாக அனுமதி பெற்ற மினொக்சிடில் போன்றவற்றை மருத்துவரின் சொல்லின்றிப் பதின்பருவப் பிள்ளைக்கு வாங்கிப் பூசுதல் கூடாது.

உணவிலே நம் மண்ணே நமக்கு உதவும். முருங்கையிலை, பயறு, கௌபி, நெத்தலி, குளத்து மீன், இயன்றபோது முட்டை, இவற்றோடு தேசிக்காய்ப் புளியோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்பு நன்கு உடலிற் சேரும். சோற்றோடும் சோறு உண்ட கையோடும் குடிக்கும் தேநீர் அவ்விரும்பைத் தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும். வீட்டிலே முட்டை ஒன்றே இருந்தால் அது யாருக்கு என்ற கேள்வியை எழுப்புவதும் சமுதாய மாற்றமே.

இவற்றினும் முதன்மையானது சொல். வீட்டுக்கு வரும் உறவினரிடம், 'பிள்ளையின் தலையைப் பற்றி இங்கே பேசவேண்டாம்' என்று தந்தை ஒருமுறை உறுதியாகச் சொல்லட்டும். மகளிடம், முடி மீளும் என்று தெரிந்தால் மீளும் என்றும், மீளுமோ என்பது தெரியாவிட்டால் தெரியாது என்றும் உண்மையே பேசட்டும். பொய்யுறுதி இரு மாதத்தில் உடைந்து, பெற்றோரின் சொல்மீதுள்ள நம்பிக்கையையும் உடைத்துவிடும். முடியை வளர்ப்பதா, குறுக்குவதா, மறைப்பதா என்னும் முடிவை அவளிடமே விடட்டும். இத்தனை நூற்றாண்டுகளாக அம்முடிவைப் புலவரும் குலமும் படையும் சந்தையும் மாறிமாறி எடுத்து வந்துள்ளனர்.

ஆசிரியர்களாகிய நாம் அடுத்த தவணை தொடங்குமுன் நம் நம் பாடசாலைகளிலே இரண்டு கேள்விகளை எழுப்புவோம். பின்னல் பற்றிய விதியை யார், எதற்காக எழுதினார்? நம் வகுப்பின் பெண்பிள்ளைகளுட் காலை உணவின்றி வருவோர் எத்தனை பேர்? முதற் கேள்விக்கு ஆசிரியர் கூட்டமொன்றிலேயே விடை காணலாம். இரண்டாவதற்கு விடை காண, பெற்றோரையும் கல்வி அதிகாரிகளையும் ஒருங்கே கூட்டவேண்டியிருக்கும். பின் வாங்கில் அமர்ந்திருக்கும் பிள்ளை மீண்டும் முன் வாங்குக்கு வரும் நாள், அவ்விரண்டு விடைகளையுமே பொறுத்திருக்கின்றது.